முந்திரிகைக் கொடி நோயை எதிர்த்துத் தன்னைக் காத்துக்கொள்ளும் விதம்



நெல் விளைவிப்போருக்கும் மரக்கறி பயிரிடுவோருக்கும் முந்திரிகைக் கொடியைப் பற்றி ஒரு துண்டுப்பிரசுரம் எதற்கு என்று நீங்கள் கேட்கக்கூடும். அதற்குக் காரணங்கள் இரண்டு உண்டு.

முதலாவது காரணம் யாவருக்கும் தெரிந்ததே. திராட்சை எனவும் வழங்கும் முந்திரிகை, யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களில் நெடுங்காலமாக வருமானம் தரும் பயிராக இருந்து வருகின்றது. களுபோவில, தெஹிவளை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களிலும் வீட்டு முற்றத்தில் ஒரு கொடியையேனும் பந்தரில் படரவிட விரும்புவோர் உளர். அவ்வாறு நட்டவர்கள் கொடி செழித்து வளர்வதைக் கண்டு மகிழ்ந்திருக்கையில், மழை தொடங்கியதும் இலைகள் கருகிக் குலைகள் உதிர்வதைக் கண்டு மனந்தளர்கின்றனர்.

இரண்டாவது காரணம் இதனினும் முக்கியமானது. முந்திரிகை உலகெங்கும் பெரும் பணம் புரளும் பயிராதலால், அது நோயை எதிர்க்கும் விதத்தை விஞ்ஞானிகள் மிக நுணுக்கமாக ஆராய்ந்துள்ளனர். அவ்வாராய்ச்சியில் தெரியவந்த உண்மைகளுட் பெரும்பாலானவை உங்கள் வயலில் நிற்கும் நெல்லுக்கும், தோட்டத்தில் நிற்கும் மிளகாய், தக்காளி, கத்தரி ஆகியவற்றுக்கும் பொருந்துவனவாகும். பயிர் நோயை எதிர்க்காது வாளா நிற்கும் ஒரு பொருளன்று. அது எதிரியை அறிகின்றது, ஆயுதம் செய்கின்றது, போரிடுகின்றது. அவ்வாயுதங்களுள் முதன்மையானவை சிலவகைப் புரதங்களாகும். அவற்றை அறிந்த கமக்காரர் எப்போது மருந்து தெளிக்க வேண்டும், எப்போது தெளிக்க வேண்டியதில்லை என்பதைத் தாமே தீர்மானிக்க வல்லவராவார்.

1. எதிரிகள் யாவர்?

முந்திரிகையின் பகைவருள் இருவர் கொடியவர். ஒன்று தூள் பூஞ்சணம். இலையின்மேலும் பிஞ்சின்மேலும் சாம்பலைத் தூவியது போன்று வெண்மையாகப் படர்வது இது. மற்றையது கீழ்ப் பூஞ்சணம். இலையின் மேற்புறத்தில் எண்ணெய் பட்டது போன்ற மஞ்சட் புள்ளிகளையும், அவற்றிற்கு நேரே கீழ்ப்புறத்தில் வெண்பஞ்சு போன்ற வளர்ச்சியையும் காட்டுவது.

இவ்விரு நோய்களும் வட அமெரிக்காவிலிருந்து பரவியவை. தூள் பூஞ்சணம் 1845ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காணப்பட்டது. கீழ்ப் பூஞ்சணம் 1878ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தில் தலைகாட்டியது. சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பிய முந்திரிகைத் தோட்டங்கள் பெரும் அழிவுக்குள்ளாயின. அங்குள்ள கொடிகள் அதற்கு முன் இப்பகைவரைக் கண்டறியாதவை. ஆதலால் எதிர்த்து நிற்கும் வகையை அவை பெற்றிருக்கவில்லை. அமெரிக்கக் காட்டுக் கொடிகளோ இந்நோய்களோடு பல்லாயிரம் ஆண்டுகள் கூடி வாழ்ந்து, எதிர்க்கும் வலிமையைப் பெற்றிருந்தன.

இத்தகைய அழிவை நமது நாடும் கண்டதுண்டு. 1869ஆம் ஆண்டில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் காணப்பட்டது. அக்காலத்தில் மலைநாடெங்கும் பயிரிடப்பட்ட கோப்பி இனத்திற்கு அந்நோயை எதிர்க்கும் ஆற்றல் இல்லை. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பெருந்தோட்டத் தொழில் சரிந்து, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. பயிரின் தற்காப்பு ஆற்றல் என்பது வெறும் ஏட்டுச் சங்கதியன்று. ஒரு நாட்டின் பிழைப்பையே மாற்றவல்லது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

2. வேலியும் காவலும்

நல்ல தோட்டத்திற்கு வேலியும் வேண்டும், காவலாளியும் வேண்டும். முந்திரிகைக் கொடிக்கும் இவ்விரண்டும் உள.

இலையையும் பழத்தையும் போர்த்துள்ள மெழுகுப் படையும் அதன் கீழுள்ள தடித்த தோலுமே வேலியாகும். பழத்தின்மீது கைபட்டால் அழியும் மெல்லிய வெண்ணிற மெழுகை நீங்கள் கண்டிருப்பீர்கள். நீர்த்துளி தங்காது வழிந்தோட அது உதவுகின்றது. இவ்வேலியைப் பங்கசு இரு வழிகளிற் கடக்கின்றது. தூள் பூஞ்சணம் தோலைத் துளைத்து உட்செல்கின்றது. கீழ்ப் பூஞ்சணமோ இலையில் நீர்ப்படலம் இருக்கும்போது அதில் நீந்திச் சென்று, இலை மூச்சுவிடும் நுண்துளைகளின் வழியாக உள்ளே புகுகின்றது.

வேலியைக் கடந்த பகைவனை அறிவது காவலாளியின் கடமை. கொடியின் ஒவ்வொரு கலத்தின் மேற்பரப்பிலும், அயற்பொருளைத் தொட்டறியும் புரதங்கள் உள்ளன. பங்கசுவின் சுவர் கைற்றின் என்னும் பொருளால் ஆனது. இறாலின் ஓட்டிலும் நண்டின் ஓட்டிலும் உள்ள பொருளும் அதுவே. தாவரத்தின் உடலில் கைற்றின் கிடையாது. ஆகவே கைற்றினின் சிறு துணுக்கு ஒன்று கலத்தின்மேற் பட்டவுடன், ‘அந்நியன் வந்துவிட்டான்’ என்பதைக் கலம் அறிந்துகொள்கின்றது. நெற்பயிரில் இத்துணுக்கைத் தொட்டறியும் புரதம் ஒன்றை யப்பானிய விஞ்ஞானிகள் 2006ஆம் ஆண்டில் கண்டுபிடித்தனர்.

அறிந்தவுடன் கலம் அபாய அறிவிப்புச் செய்கின்றது. சில நிமிடங்களுக்குள் கல்சியம் கலத்தினுள் பாய்கின்றது. ஐதரசன் பேரொட்சைட்டு போன்ற எரிக்கும் பொருள்கள் உண்டாகின்றன. பின்னர் சலிசிலிக் அமிலம் முதலிய பொருள்கள் செய்தியை அயலிலுள்ள கலங்களுக்கும், சில சமயங்களில் தொலைவிலுள்ள இலைகளுக்கும் கொண்டு செல்கின்றன. அதன் பின்பே ஆயுதசாலை திறக்கப்படுகின்றது.

3. காவற் புரதங்கள்

இப்புரதங்கள் முதன்முதல் இனங்காணப்பட்ட பயிர் புகையிலையாகும். ஓரிலையில் வைரசு நோய் உண்டாகிப் புள்ளி விழுந்த புகையிலைச் செடியின் மற்றைய இலைகள், பின்னர் அந்நோயை வலுவாக எதிர்ப்பதை 1961ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க விஞ்ஞானி எடுத்துக்காட்டினார். 1970ஆம் ஆண்டில், அவ்வாறு நோயுற்ற இலைகளிற் புதிய புரதங்கள் தோன்றுவது தெரியவந்தது. நலமான இலையில் அவை இல்லை, அல்லது மிகச் சிறிதளவே உண்டு. பின்னர் முந்திரிகையிலும் நெல்லிலும் தக்காளியிலும் வேறு பல பயிர்களிலும் இவற்றின் இனப் புரதங்கள் கண்டறியப்பட்டன. முந்திரிகையில் உள்ளவற்றுள் முக்கியமானவை வருமாறு:

(அ) கைற்றினை வெட்டும் புரதம். கைற்றினேசு எனப்படும் இது ஒரு நொதியம். பங்கசுவின் கைற்றின் சுவரைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டுகின்றது. நமது கண்ணீரிலும் கோழிமுட்டையின் வெண்கருவிலும் பற்றீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைம் என்னும் நொதியம் உண்டு. கைற்றினேசு செய்யும் தொழிலும் அத்தகையதே. களுத்துறைப் பகுதியில் வெட்டப்படும் இறப்பர் மரத்தின் பாலிலும் இத்தகைய நொதியம் உளது. பட்டை வெட்டுண்ட இடத்தின் வழியே நோய் புகாதிருக்க மரம் செய்துகொண்ட ஏற்பாடு அது எனலாம்.

(ஆ) குளுக்கனை வெட்டும் புரதம். குளுக்கனேசு எனப்படுவது இது. பங்கசுவின் சுவரில் கைற்றினோடு பின்னிக் கிடக்கும் குளுக்கன் என்னும் மாப்பொருளினப் பொருளை இது வெட்டுகின்றது. கீழ்ப் பூஞ்சணத்தை உண்டாக்கும் உயிரி உண்மையான பங்கசு அன்று. அதன் சுவரில் கைற்றின் அநேகமாக இல்லை, குளுக்கனே மிகுதி. ஆகவே அதனோடு போரிடுகையிற் கைற்றினேசு பெரிதும் பயன்படாது, குளுக்கனேசே பயன்படும். எதிரிக்கேற்ற ஆயுதம் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இவ்விரு நொதியங்களும் வெட்டிய துண்டுகள் வீணாவதில்லை. அத்துண்டுகள் அயற்கலங்களைத் தொட்டு, அவற்றையும் விழிக்கச் செய்கின்றன. கள்வன் விட்டோடிய துணியைக் கொண்டு ஊரார் அவனை அறிந்துகொள்வது போன்றது இது.

(இ) தோமற்றினை ஒத்த புரதம். மேற்காபிரிக்கக் காட்டுப் பழம் ஒன்றிலுள்ள தோமற்றின் என்னும் இனிப்புப் புரதத்தின் அமைப்பை ஒத்திருப்பதால் இப்பெயர் பெற்றது. ஆயினும் முந்திரிகைப் பழத்தின் இனிமைக்குக் காரணம் இதுவன்று. அது சர்க்கரையால் வருவது. இவ்வினப் புரதங்களுட் பல, பங்கசுவின் கலத்தைப் போர்த்துள்ள மென்சவ்வைச் சிதைக்க வல்லன.

(ஈ) பூட்டுப் போடும் புரதம். பங்கசு தாவரத்தினுட் புகுவதற்குத் தானும் ஒரு நொதியத்தை வெளிவிடுகின்றது. அது கலச்சுவர்களை ஒட்டி நிற்கும் பெற்றினைக் கரைக்கின்றது. கொடியின் கலச்சுவரில் உள்ள ஒருவகைப் புரதம் அந்நொதியத்தைப் பற்றிப் பிடித்து, அதன் வேலையைத் தடுக்கின்றது.

(உ) மருந்து செய்யும் புரதம். தில்பீன் ஆக்கும் நொதியம் எனப்படும் இப்புரதம் தானே பகைவனைத் தாக்குவதில்லை. அது றெஸ்வெறற்றோல் என்னும் பொருளை ஆக்குகின்றது. அதிலிருந்து உண்டாகும் வேறு சில பொருள்கள் பங்கசுவுக்குக் கடும் நஞ்சாகும். முந்திரிகை இலையில் நோய்பட்ட இடத்தைச் சுற்றி இப்பொருள் சேர்வதை 1976ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் கண்டனர். 1993ஆம் ஆண்டில் முந்திரிகையின் இந்நொதியத்திற்குரிய பரம்பரை அலகைப் புகையிலைச் செடியிற் புகுத்தியபோது, அச்செடி சாம்பல்நிறப் பூஞ்சண நோயை முன்னிலும் நன்கு எதிர்த்தது. 2007ஆம் ஆண்டில் முந்திரிகையின் பரம்பரை அலகுகள் முழுவதும் வாசிக்கப்பட்டபோது, இந்நொதியத்திற்கு மாத்திரம் 40க்கு மேற்பட்ட அலகுகள் இருப்பது தெரியவந்தது. ஒரு வீட்டில் நாற்பது கத்திகள் இருப்பின், அவ்வீட்டார் எத்துணைப் பகையைக் கண்டிருப்பர் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

4. காலமே வெற்றியைத் தீர்மானிப்பது

ஆயுதம் இருத்தல் மாத்திரம் போதாது. அது வேளைக்கு வந்து சேருதல் வேண்டும். பங்கசுவின் வித்தி இலையில் விழுந்து முளைத்து உட்புகுவதற்குச் சில மணித்தியாலங்களே போதும். அதற்குள் காவலாளி விழித்துக்கொண்டால் நோய் ஒரு சிறு புள்ளியோடு நின்றுவிடும். தாக்குண்ட கலம் தானே இறந்து, பகைவனை உணவின்றி அடைத்துவிடுவதும் உண்டு. எதிர்க்கும் இனக் கொடிகளின் இலையில் ஊசி முனையளவு கருமைப் புள்ளிகள் மாத்திரம் காணப்படுவது இதனாலேயே. எளிதில் நோய்ப்படும் இனத்திலும் ஏறக்குறைய இதே புரதங்கள் உண்டாகின்றன. ஆயின் அவை பிந்தி வருகின்றன. அல்லது போதிய அளவில் வருவதில்லை. வெள்ளம் வந்தபின் அணை கட்டுவது போலாகிவிடுகின்றது.

பழத்தின் வயதும் இதிற் கவனிக்கத்தக்கது. பூத்துக் காய்பிடித்தபின் முதல் மூன்று நான்கு வாரங்களே பிஞ்சுக்கு மிக ஆபத்தான காலம். அக்காலத்தில் தூள் பூஞ்சணமும் கீழ்ப் பூஞ்சணமும் பிஞ்சை எளிதிற் பற்றும். அதன்பின் காய், வயதினாலேயே இவ்விரு நோய்களையும் எதிர்க்கும் ஆற்றல் பெறுகின்றது. பின்னர், காய் நிறம் மாறிப் பழுக்கத் தொடங்கும்போது, நோய் வராவிடினும் கைற்றினேசும் தோமற்றினை ஒத்த புரதமும் பழத்தில் மிகுதியாகச் சேர்கின்றன. முந்திரிகை மதுவைக் கலங்கச் செய்வனவும் இப்புரதங்களே. மது செய்வோர் ஒருவகைக் களிமண்ணைக் கலந்து இவற்றை அகற்றுவது வழக்கம்.

ஆயினும் பழுத்த பழம் எல்லா நோய்களினின்றும் தப்பியது என்று எண்ணிவிடலாகாது. பழம் கனியக் கனிய, றெஸ்வெறற்றோல் ஆக்கும் ஆற்றல் அதில் குறைகின்றது, தோலும் மெலிகின்றது. ஆகவே மழைக்காலத்திற் கனிந்த குலையைச் சாம்பல்நிறப் பூஞ்சணம் எளிதிற் பற்றும். ஒரு கதவை அடைக்கையில் மறு கதவு திறந்துகொள்வது இயற்கை.

5. காவல் இருந்தும் நோய் வருவதேன்?

இதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, பகைவனும் சும்மா இருப்பதில்லை. அவனும் கலத்தினுட் சில புரதங்களைச் செலுத்திக் காவலாளியை மயக்குகின்றான். அமெரிக்கக் காட்டுக் கொடிகளில் இம்மயக்கத்தை அறிந்து எதிர்க்கும் இரண்டாவது காவல் உண்டு. அத்தகைய ஒரு காட்டு இனத்திலிருந்து தூள் பூஞ்சணத்தையும் கீழ்ப் பூஞ்சணத்தையும் எதிர்க்கும் இரு பரம்பரை அலகுகள் பிரித்தெடுக்கப்பட்ட செய்தி 2013ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஐரோப்பிய இனக் கொடிகளுட் பெரும்பாலானவற்றில் இக்காவல் இல்லை. யாழ்ப்பாணத்திற் பயிரிடப்படும் ‘இஸ்ரேல் புளூ’ இனமும், தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கில் பயிரிடப்பட்டு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சையும் பூஞ்சண நோய்களுக்கு இலக்காகுபவையே. ஆதலால் இவற்றைப் பயிரிடுவோர் கொடியின் தற்காப்புக்குக் கை கொடுத்தல் அவசியம்.

இரண்டாவது, காலநிலை. யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழைவீழ்ச்சி சுமார் 1,300 மில்லிமீற்றர். அதிற் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் திசெம்பர் வரையிற் பெய்கின்றது. எஞ்சிய மாதங்களில் வெயிலும் காற்றும் உண்டு. இலை விரைவில் உலர்கின்றது. களுபோவில உட்பட்ட கொழும்புப் பகுதியிலோ ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் அது உச்சநிலையை அடைகின்றது. எஞ்சிய காலத்திலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. ஆகவே ஒரே இனக் கொடி குடாநாட்டில் தப்பிப் பிழைக்க, கொழும்பில் நோய்வாய்ப்படுவது வியப்பன்று. அதன் புரதங்கள் குறைந்துவிடவில்லை. பகைவனுக்குக் கிடைத்த ஈர வேளைகள் மிகுந்துவிட்டன என்பதே உண்மை.

மூன்றாவது, பயிரின் உணவு. புரதம் ஆக்குவதற்கு நைதரசன் வேண்டும், சர்க்கரையும் வேண்டும். மெலிந்து மஞ்சளித்த கொடி தன்னைக் காக்க வல்லதன்று. அதேவேளை யூரியாவை அளவுக்கு மிஞ்சி இட்டாலும் தீமையே விளையும். அப்பொழுது தளிர் மெதுமெதுவென நீண்டு வளரும்; தோல் மெலியும்; இலைகள் நெருங்கிப் பந்தரின் கீழ் இருளும் ஈரமும் தங்கும். கரும்பச்சையான இலையைக் கண்டு கமக்காரர் மகிழ்கின்றார், பங்கசுவும் மகிழ்கின்றது.

6. உங்கள் நெல்லிலும் மரக்கறியிலும்

மேற்கூறியவற்றை முந்திரிகை இல்லாதவர் ஏன் அறிதல் வேண்டும் என்பதற்கு இனி விடை கூறுவோம்.

நெல்லில் எரிபந்த நோயை உண்டாக்கும் பங்கசு புகும்போது, நெற்பயிரும் கைற்றினேசு, குளுக்கனேசு முதலிய இதே இனப் புரதங்களை ஆக்குகின்றது. தக்காளியும் மிளகாயும் அவ்வாறே செய்கின்றன. ஓர் இனம் எதிர்ப்பதும் மற்றோர் இனம் வீழ்வதும், பெரும்பாலும் அறிதல் எத்துணை விரைவாக நிகழ்கின்றது என்பதைப் பொறுத்தவை. ‘எரிபந்தத்தை எதிர்க்கும் இனம்’ என்று ஓர் இனம் குறிக்கப்படின், அதற்கு அந்நோயின் பங்கசுவை விரைந்து அறியும் காவல் உண்டு என்பது கருத்து. ஆயின் பங்கசு காலப்போக்கில் தன் வேடத்தை மாற்றிக்கொள்ள வல்லது. ஒரே இனத்தை வெளி முழுவதும் போகந்தோறும் விதைத்து வந்தால், அவ்வினத்தின் காவலை ஏமாற்றும் பங்கசு பெருகுதற்கு நாமே இடங்கொடுத்தவராவோம். சில ஆண்டுகளில் ‘இனம் கெட்டுவிட்டது’ என்று கூறப்படுவது இதனாலேயே. இனம் கெடவில்லை, பகைவன் கற்றுக்கொண்டான்.

நெல்லுக்கு முந்திரிகைக்கு இல்லாத ஒரு சிறப்பும் உண்டு. அது மண்ணிலிருந்து சிலிக்காவை மிகுதியாக உறிஞ்சி, இலையின் தோலில் கவசம் போற் படிய வைக்கின்றது. வைக்கோலிலும் உமியிலும் சிலிக்கா நிறைய உண்டு. வைக்கோலை எரித்தும் விற்றும் விடாது வயலுக்கே திருப்பியிடுவதும், கருக்கிய உமியை நாற்றுமேடையில் இடுவதும், பயிரின் வேலியை நீங்களே கட்டிக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

7. நீங்கள் செய்ய வேண்டியவை

(1) இனத்தைத் தெரிந்து நடுக. உங்கள் பகுதிக்கு விதந்துரைக்கப்பட்ட, நோயை எதிர்க்கும் இனத்தையே நெல்லிலும் மரக்கறியிலும் தெரிவு செய்க. நெல் இனத்தைச் சில போகங்களுக்கு ஒருமுறை மாற்றுக. முந்திரிகையில் நோயற்ற கொடியிலிருந்து எடுத்த தண்டையே நடுக.

(2) காற்றும் வெயிலும் புகச் செய்க. முந்திரிகையை வேளைக்குக் கத்தரித்து, குலையை மூடி நிற்கும் இலைகளைக் களைந்துவிடுக. தூள் பூஞ்சணத்திற்கு நிழலே புகலிடம். நேர்வெயில் அதற்குப் பகை. பாகல், புடோல், பயற்றை ஆகியவற்றின் பந்தர்களுக்கும், நெருக்கி நட்ட தக்காளிக்கும் இது பொருந்தும்.

(3) பூக்கும் காலத்தை மழைக்கு விலக்குக. கத்தரித்தபின்பே கொடி தளிர்த்துப் பூக்கும். ஆகவே கத்தரிக்கும் நாளை நீங்கள் தீர்மானித்தால், பூக்கும் நாளையும் நீங்களே தீர்மானித்தவராவீர்கள். பிஞ்சின் முதல் மூன்று நான்கு வாரங்கள் அடைமழையிற் சிக்காதவாறு நாளைக் குறித்தல் வேண்டும். கொழும்புப் பகுதியில் வீட்டுமுற்றத்துக் கொடியொன்றிற்கு மேலே ஒளிபுகும் பொலித்தீன் கூரை இட்டால் இலை நனையாதிருக்கும். கீழ்ப் பூஞ்சணம் வெகுவாகக் குறையும். பக்கங்களை மூடிவிடலாகாது.

(4) நீரை வேருக்கு விடுக, இலைக்கு விடற்க. மாலையில் இலை நனைய நீர் தெளித்தால் இரவு முழுவதும் ஈரம் நிற்கும். காலையில் அடியில் நீர் விடுதலே முறை.

(5) யூரியாவை அளந்து இடுக. மண்ணைப் பரிசோதித்து, விதந்துரைத்த அளவைப் பகுதி பகுதியாக இடுக. நெல்லுக்கு இலை நிற அட்டையைக் கொண்டு தேவையறிந்து இடலாம். பொற்றாசியப் பசளையைத் தவிர்த்து யூரியாவை மாத்திரம் இடும் வழக்கத்தைக் கைவிடுக. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை, பீடைகொல்லி ஆகியவற்றின் இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வெளியிலிருந்து வரும் பொருள் எந்நாளும் கைக்கெட்டும் என்பதற்கு உறுதியில்லை. பயிர் தானே ஆக்கும் காவலோ வயலை விட்டு அகலாது.

(6) நோயுற்றதை அகற்றுக. நோய்கண்ட இலை, குலை, கத்தரித்த தண்டு ஆகியவற்றைப் பந்தரின் கீழ் விட்டுவிடாது சேர்த்தெடுத்து அழித்துவிடுக. வித்திகள் குறையக் குறையக் காவலின் சுமையும் குறையும்.

(7) மருந்தை வேளையறிந்து தெளிக்க. பங்கசுநாசினி வேண்டாம் என்பது எமது கருத்தன்று. 1880களில் பிரான்சின் போர்டோ நகரப் பேராசிரியர் மில்லார்டே, வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்கத் தெருவோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்ததையும், அக்கொடிகள் கீழ்ப் பூஞ்சணத்திற்குத் தப்பி நின்றதையும் கண்டார். அதிலிருந்து பிறந்த போர்டோக் கலவை இன்றும் பயன்படுகின்றது. ஆயின் மருந்தின் தேவை எல்லா நாட்களிலும் ஒன்றன்று. பூப்பதற்குச் சற்று முன் தொடங்கிப் பிஞ்சுப் பருவம் முடியும் வரையுள்ள வாரங்களே அதற்குரிய வேளை. காய் முற்றி எதிர்ப்பு ஆற்றல் பெற்றபின் பழக்கத்தினால் மேலும் மேலும் தெளிப்பது பணத்தை விரயமாக்குவதோடு, உண்பவர் வாயில் நஞ்சையும் சேர்ப்பதாகும். முகவுறையும் கையுறையும் அணியாது தெளிப்பவர் தம் உடலையே முதலில் கெடுத்துக்கொள்கின்றார். சிட்டையிற் கூறப்பட்ட அளவையும், அறுவடைக்கு முன் விடவேண்டிய நாட்களையும் தவறாது கடைப்பிடிக்க. ஒரே வகை மருந்தைத் தொடர்ந்து தெளியாது வகையை மாற்றுக. இன்றேல் பங்கசு அதற்கும் பழகிவிடும்.

8. ஓர் எச்சரிக்கை

பயிரின் காவலை மருந்தினால் விழிக்கச் செய்ய இயலுமா என்று சிலர் வினவுவர். இயலும். யப்பானில் 1970களின் நடுப்பகுதியிலிருந்து, பங்கசுவை நேரே கொல்லாது நெல்லின் காவலை எழுப்பும் ஒரு மருந்து எரிபந்தத்திற்கு எதிராகப் பயன்பட்டு வருகின்றது. ஆயினும் இத்தகைய பொருள்கள் நோய் வருமுன்னரே இடவேண்டியவை, வந்தபின் பயன்தருவதில்லை. அன்றியும், காவலை ஓயாது விழித்திருக்கச் செய்தால் பயிர் தன் உணவையெல்லாம் ஆயுதத்திலேயே செலவிட்டு விளைச்சலிற் குறையும்.

1979ஆம் ஆண்டில், தலைவலிக்கு உண்ணும் அஸ்பிரினைப் புகையிலை இலையிற் செலுத்தியபோது காவற் புரதங்கள் தோன்றின என்பது நிறுவப்பட்டது. இச்செய்தியைக் கேள்வியுற்று மாத்திரைகளைக் கரைத்துத் தோட்டத்தில் தெளித்தல் வேண்டா. அளவு சற்று மிஞ்சினும் இலை கருகும். ‘பயிருக்கு எதிர்ப்புச் சக்தி தரும் புரதம்’ என்று கூறிப் போத்தலில் விற்கப்படும் எப்பொருளையும், 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவுபெற்றதா என்று விசாரித்தறியாது வாங்குதலும் வேண்டா. இக்கட்டுரையிற் கூறிய புரதங்கள் கொடியின் கலத்தினுள்ளே அதனால் ஆக்கப்படுபவை. அவற்றைப் போத்தலிலிருந்து ஊற்றிக் கொடியினுட் புகுத்துதல் இயலாது.

சுருங்கக் கூறின், பயிருக்குத் தன்னைக் காக்கும் ஆற்றல் இயற்கையாகவே உண்டு. அதற்கு வேண்டுவது வேளை. இலை உலர்ந்திருந்தால் பகைவன் பிந்துகின்றான். ஊட்டம் அளவாயிருந்தால் காவலாளி முந்துகின்றான். இவ்விரண்டையும் செய்து கொடுப்பது உங்கள் கையில் உளது. நாள்தோறும் காலையில் ஒருமுறை பந்தரின் கீழும் வரம்பின் வழியும் நடந்து, சில இலைகளைத் திருப்பிக் கீழ்ப்புறத்தைப் பாருங்கள். முதற் புள்ளியைக் கண்ட நாளிலேயே அவ்விலையைக் கிள்ளியெடுத்துக்கொண்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் சென்று காட்டுங்கள். நோய் இன்னதென்று அறிந்தபின் மருந்து வாங்கினாற் போதும்.